நார்மலா, பவரா?

பங்க்கில் வண்டியை நிறுத்தியதும் குழாயைக் கையில் எடுத்தபடியே அந்தப் பையன் கேட்பான்: "நார்மலா, பவரா சார்?" நம்மில் பெரும்பாலானோர் வண்டியை நினைத்து இதற்குப் பதில் சொல்வதில்லை. மாதத்தின் எந்தத் தேதி என்பதை நினைத்துத்தான் சொல்கிறோம்.

என் அக்கா மகன் போன வருடம் பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கினான். சின்ன கார், சின்ன இன்ஜின். ஓட்டிய ஒரு மாதத்திலேயே கோயம்புத்தூரில் ஒரு டியூனரிடம் கொண்டுபோய் 'ஸ்டேஜ் ஒன்' ரீமேப் செய்துகொண்டு வந்துவிட்டான். இன்ஜினில் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. லேப்டாப்பைச் சொருகி, இன்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டியான இசியூவில் இருக்கும் அட்டவணைகளை, அதாவது 'மேப்'பை, திருத்தியதோடு சரி. டர்போ இன்னும் கொஞ்சம் அதிகக் காற்றைத் தள்ளும், தீப்பொறி இன்னும் கொஞ்சம் முன்கூட்டி விழும். "95க்குக் கீழே போட்டுடாதீங்க" என்று மட்டும் அந்த டியூனர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "மாமா, 95க்கே இப்படிப் பறக்குதே, 100 போட்டா?"

ஒன்றும் ஆகாது என்றேன். நம்பவில்லை. எண் பெரிதாக இருந்தால் சரக்கும் வீரியமாகத்தானே இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. விலையைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி 100 சாதாரண பெட்ரோலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விற்கிறது. ஆனால் லிட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்பதும் ஆக்டேனும் வேறு வேறு சமாச்சாரம். எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆக்டேன் 108 அளவில் இருக்கிறது. அதே எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் இருக்கும் ஆற்றலோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் என்பது எரிபொருளின் பலம் அல்ல, பொறுமை. நசுக்கினாலும் சூடேற்றினாலும் தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சொல்லும் எண் அது.

சரவெடிக்குத் திரி கொளுத்தினால் ஒரு முனையிலிருந்து வரிசையாக வெடித்துக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் நடக்கவேண்டியதும் அதுதான். ஸ்பார்க் பிளக்கில் பிறந்த தீ ஒரு சுவர்போல நகர்ந்து மறுகோடிக்குப் போகவேண்டும். இதற்கு இரண்டு மூன்று மில்லிநொடி ஆகிறது. அந்த நேரத்தில், இன்னும் தீ வந்து சேராத மூலையில் இருக்கும் கலவை என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். பிஸ்டன் கீழிருந்து நசுக்குகிறது. எரிந்து விரியும் வாயு பக்கத்திலிருந்து நெரிக்கிறது. சூடு ஏறிக்கொண்டே போகிறது. தீ வந்து சேர்வதற்குள் பொறுமை இழந்துவிட்டால், மிச்சமிருக்கும் கலவை அத்தனையும் ஒரே கணத்தில் வெடிக்கிறது. சரவெடியின் பாதிச் சரம் ஒன்றாக வெடித்தது போல.

மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். அம்பாசடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தச் சத்தம் பழக்கம். மேட்டில் டாப் கியரிலேயே இழுத்தால் பானெட்டுக்குள் யாரோ சில்லறையைக் குலுக்குவதுபோல் கேட்கும். நடுத்தர அளவு சிலிண்டரில் அந்த அழுத்த அலை நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை சுவருக்குச் சுவர் மோதும். மோதல் மட்டும் என்றால் பரவாயில்லை. பிஸ்டன் தலைமேல் ஒரு மெல்லிய வாயுப் படலம் போர்வைபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரியும் வாயுவின் முழுச் சூடும் அலுமினியத்தில் இறங்காமல் காப்பது அதுதான். நாக்கிங் அந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. பிறகு பிஸ்டன் ஓரம் உருகும், அல்லது ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய வரப்பு உடையும். டர்போ கார்களில் இந்த வரப்பு உடைவதுதான் அதிகம்.

இந்தப் பொறுமையை அளக்க ஒரு படி வேண்டியிருந்தது. 1926இல் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் ஒரு வழி கண்டார். ஐசோ ஆக்டேன் என்ற திரவம் அசையாமல் தாங்கியது, அதற்கு 100. நார்மல் ஹெப்டேன் என்ற திரவம் தொட்டால் வெடித்தது, அதற்கு 0. இந்தச் சுழியத்தை அந்தக் காலத்தில் ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து வடித்து எடுத்தார்கள். ஒரு பெட்ரோல் நாக்கிங் விஷயத்தில் 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைபோல் நடந்துகொண்டால் அதன் எண் 95. அந்தப் பெட்ரோலில் 95 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. சோதிப்பதற்கென்றே ஓர் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை விஸ்கான்சின் மாநிலத்து வாகேஷா நிறுவனம் 1929 வாக்கில் செய்து கொடுத்தது. ஓடும்போதே அழுத்த விகிதத்தை ஏற்றி இறக்கலாம். ஏறக்குறைய அதே வடிவ இன்ஜினில்தான் இன்றும் உலகமெங்கும் ஆக்டேன் அளக்கிறார்கள். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி டர்போ. சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் பம்பின் அடிப்பாகம் சுடும் என்று தெரியும். டர்போவும் ஒரு பம்புதான். சித்திரை மாதத்து 40 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து, ஒரு பார் பூஸ்ட் கொடுத்தால், அதாவது வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், வெளியே வரும் காற்றின் சூடு 140 டிகிரியை நெருங்கும். இன்டர்கூலர் அதை 60க்குக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று சிலிண்டருக்குள் பத்துக்கு ஒன்றாக நசுங்கும்போது, தீப்பொறி விழுவதற்கு முன்பே அழுத்தம் டர்போ இல்லாத இன்ஜினைப்போல் இரட்டிப்பாகிவிடும், வெப்பம் 400 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடினால் மேலே 20 டிகிரிக்கு மேல் கூடுகிறது. ரீமேப் என்பது இந்த நெருக்கடியை இன்னும் ஒரு படி ஏற்றுவது. கார் நிறுவனம் மட்டமான பெட்ரோலுக்கும், கொளுத்தும் வெயிலுக்கும், ஓட்டத் தெரியாத ஆளுக்கும் சேர்த்து விட்டுவைத்த இடைவெளி ஒன்று இருக்கும். டியூனர் விற்பது அந்த இடைவெளியைத்தான். புதிதாக எந்தக் குதிரையையும் அவர் கொண்டுவந்து கட்டுவதில்லை.

டர்போவுக்கும் ஆக்டேனுக்கும் இடையிலான சண்டை பழையது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் விட்டது. சாலையில் ஓட விற்கப்பட்ட முதல் டர்போ கார்களில் ஒன்று. மூன்றரை லிட்டர் வி8. அழுத்த விகிதம் 10.25, அதன்மேல் டர்போ வேறு. அன்றைய பெட்ரோலால் தாங்கமுடியாது என்று தெரிந்தே, பானெட்டுக்குள் தனியாக ஒரு தொட்டி வைத்து, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை டர்போவின் காற்றில் தெளித்தார்கள். அது ஆவியாகும்போது காற்று குளிரும், நாக்கிங் வராது. அருமையான யோசனை. அதற்கு வைத்த பெயர் 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'. சிக்கல் என்னவென்றால், வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்டை அடைக்க ஒரு வால்வும், எச்சரிக்க ஒரு விளக்கும் இருந்தன. கார் சோம்பலாக ஓடியதே தவிர, தொட்டியை யாரும் நினைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் கதை முடிந்தது. மனிதன் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நடந்துகொள்வான் என்று நம்பி ஓர் இன்ஜினைச் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஸ்வீடனின் சாப் நிறுவனம் அந்த நம்பிக்கையைக் கைவிட்டது. பேர் கில்பிராண்ட் என்ற பொறியாளரின் குழு 1980களின் தொடக்கத்தில் இன்ஜின் பிளாக்கில் ஒரு காதைப் பொருத்தியது. அது நாக்கிங் அதிர்வை மட்டும் கேட்கும் ஒரு சின்ன மைக். சத்தம் கேட்டதும் மின்னணுப் பெட்டி பூஸ்டைக் குறைத்துவிடும். என்ன பெட்ரோல் போட்டாலும் கார் தன்னைப் பார்த்துக்கொண்டது. இன்று டர்போ பெட்ரோல் கார்களில் அந்தக் காது இருக்கிறது. பூஸ்டைக் குறைப்பதற்கு முன்னால் தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்திப் பார்க்கிறது. அம்பாசடர் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பிச் செய்த அதே வேலை.

நாக் சென்சார்தான் இருக்கிறதே, எதையாவது போடலாமே என்றால், கம்பெனி மேப்பில் ஓடும் காருக்கு ஓரளவு சரி. ரீமேப் செய்த காருக்குச் சரியில்லை. சென்சார் நாக்கிங்கைத் தடுப்பதில்லை, நடந்தபின் கேட்கிறது. முதல் அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் சூடு பிஸ்டனுக்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வழியே டர்போவுக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் போகிறது. ஏமாற்றம் என்னவென்றால், இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய அந்தக் கூடுதல் இழுவையை இசியூ சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 95க்கு எழுதிய மேப்பில் 91 போட்டு ஓட்டுபவர் பல சமயம் கம்பெனி காரைவிட மந்தமான ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

அப்படியானால் எத்தனை எண்? இங்கேதான் பெரிய குழப்பம். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு என் மருமகன் சொன்னான்: "அங்க 93 மேப்தான் மாமா டாப். நம்மகிட்ட 95 இருக்கே!" பாவம். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. வாகேஷா இன்ஜினில் இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். நிமிடத்துக்கு 600 சுற்றில், மிதமான சூட்டில் ஓட்டி எடுப்பது ரிசர்ச் எண். 900 சுற்றில், கலவையை 149 டிகிரிக்குச் சூடேற்றி வதைத்து எடுப்பது மோட்டார் எண். ஐரோப்பா, இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் ரிசர்ச் எண்ணைத்தான் சொல்கின்றன. கொழும்பில் 92, 95. கோலாலம்பூரில் 95, 97. எல்லாம் இதே கணக்கு. அமெரிக்காவிலோ இரண்டின் சராசரியை எழுதி வைப்பார்கள். நம் 95 பெட்ரோலின் மோட்டார் எண் 85 என்றால் அமெரிக்கக் கணக்கில் அது 90. அவர்களுடைய 93க்கு இணையாக நமக்கு 97, 98 வேண்டும். கலிஃபோர்னியாக்காரர்களுக்குப் பெரும்பாலும் 91தான் கிடைக்கிறது. அங்குள்ள டியூனர்கள் அதற்கென்றே தனி மேப் எழுதுகிறார்கள். நம் 95 அதற்கும் ஒரு படி கீழே. ஜப்பான் கார்களில் தலைகீழ்ச் சிக்கல். அங்கே உயர்ரகப் பெட்ரோல் 100ஐ ஒட்டியே விற்கப்படுகிறது, அதை நம்பி எழுதிய மேப்புகளும் உண்டு. ஆக, எந்த ஊர் மேப் என்று கேட்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது டாலரையும் ரூபாயையும் ஒன்றாக எண்ணுவது மாதிரி.

இதற்குள்ளேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாகேஷா இன்ஜின் 1920களின் இன்ஜின். இன்றைய டர்போ அதுபோல் ஓடுவதில்லை. அழுத்தம் மிக அதிகம், ஆனால் இன்டர்கூலர் இருப்பதால் அந்த அழுத்தத்துக்குச் சூடு குறைவு. ஷெல் நிறுவனத்திலும் பின்னர் சவுதி அராம்கோவிலும் ஆய்வு செய்த கௌதம் கல்கட்கி இதைக் கணக்காக்கினார். ரிசர்ச் எண்ணுக்கும் மோட்டார் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை 'கே' என்ற ஒரு குணகத்தால் பெருக்கி, ரிசர்ச் எண்ணிலிருந்து கழித்தால், அந்த இன்ஜின் உண்மையில் உணரும் ஆக்டேன் கிடைக்கும் என்றார். அமெரிக்கச் சராசரி என்பது கே அரை என்று வைத்துக்கொள்வது. டர்போ இன்ஜின்களை அளந்துபார்த்தால் கே சுழியத்துக்கும் கீழே போகிறது. கழிப்பது கூட்டலாகிவிடுகிறது.

விளைவு வேடிக்கையானது. இரண்டு பெட்ரோல், இரண்டுக்கும் ரிசர்ச் எண் 95. ஒன்றின் மோட்டார் எண் 85, மற்றதுக்கு 90. அமெரிக்கப் பலகையில் முதலாவது 90, இரண்டாவது 92.5. யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் வாங்குவார்கள். கே கழித்தல் அரை என்றால், டர்போ இன்ஜின் முதலாவதை 100 என்றும் இரண்டாவதை 97.5 என்றும் உணர்கிறது. மட்டம் என்று ஒதுக்கியதே மேல்!

ஹோண்டா பொறியாளர்கள் இதைச் சமன்பாடு வருவதற்கு முன்பே கையால் பிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும். 1988 ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மெக்லாரன் கார் 16 போட்டிகளில் 15ஐ வென்றது. அதன் ஒன்றரை லிட்டர் ஹோண்டா டர்போ இன்ஜின் குடித்தது 84 சதவீதம் டொலுயீன், 16 சதவீதம் நார்மல் ஹெப்டேன். ஆம், எட்கரின் அதே சுழியம். விதிப்படி ரிசர்ச் எண் 102ஐத் தாண்டக்கூடாது. டொலுயீன் அதைத் தாண்டிவிடும் என்பதால், எண்ணைக் கீழே இழுக்க ஹெப்டேனைக் கலந்தார்கள். டொலுயீனுக்கு இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகம், டர்போவுக்கு அதுதான் தேவை. சட்டத்தின் எண்ணுக்குள் அடங்கி, இன்ஜினின் எண்ணில் உயர்ந்து நின்றது அந்தக் கலவை.

எத்தனாலும் இந்தக் குலம்தான். ரிசர்ச் எண் 108, மோட்டார் எண் 90 அளவில். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சும். ஜெட்ஃபயரின் மெத்தனால் செய்த வேலையை இது டாங்கிக்குள்ளிருந்தே செய்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்தபிறகு நம் சாதாரண பெட்ரோலே 95ஐத் தொடுகிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் சொன்னது. மைலேஜ் போச்சு, ரப்பர் போச்சு என்று ஊரே இ20ஐத் திட்டிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் குறைவது உண்மை, பழைய வண்டிக்காரர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாக்கிங்கை மட்டும் பார்த்தால் டர்போவுக்கு அது பகைவன் அல்ல. ஒரு நிபந்தனை உண்டு. சுத்தப் பெட்ரோல் எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று போதும் என்றால், இ20க்கு 13.5 கிலோ அளவில்தான் வேண்டும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாகத் தெளிக்கவேண்டும். ரீமேப் ஏற்கெனவே இன்ஜெக்டரையும் பம்பையும் எல்லைக்குத் தள்ளியிருந்தால் அந்தக் கூடுதல் எங்கிருந்து வரும்? இ20 வருவதற்கு முன் எழுதிய மேப்போடு ஓடுபவர்கள் டியூனரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

பெயரில் எண் இல்லாத 'ப்ரீமியம்' பெட்ரோல்களில் சில, இன்ஜெக்டரைக் கழுவும் மருந்து சேர்த்த சாதாரண ஆக்டேன்தான். அந்த மருந்து கெடுதல் இல்லை, ஆனால் மேப்புக்கு அது பதில் ஆகாது. சின்ன பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: '30 பாயின்ட் கூடும்' என்று லேபிளில் போட்டிருந்தால், அந்த வியாபாரத்தில் பத்து பாயின்ட் சேர்ந்தது ஒரு ஆக்டேன். சிலவற்றில் இரும்போ மாங்கனீஸோ இருக்கும். கொஞ்ச நாளில் ஸ்பார்க் பிளக் காவி பூசிக்கொள்ளும்.

எக்ஸ்பி 100? 95க்கு எழுதிய மேப்பில் இசியூ தீப்பொறியைப் பின்னிழுக்காமல் ஓடிக்கொண்டிருந்தால், 100 ஊற்றி ஆகப்போவது எதுவும் இல்லை. பின்னிழுத்துக்கொண்டிருந்தால், இழந்ததை அது திரும்பக் கொடுக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு சின்ன புளூடூத் கருவியும் போனும் போதும். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பல கார்களில் பார்க்கலாம்.

100க்கென்றே மேப் எழுதிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சென்னையை விட்டு வண்டியை வெளியே எடுக்காதவர் என்றால் எழுதிக்கொள்ளட்டும். என் கட்சி வேறு. மேப்பை, போகும் வழியில் கிடைக்கும் மிக மோசமான பங்க்கை வைத்து எழுதவேண்டும். நல்ல பெட்ரோல் கிடைக்கும் நாள் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். மலை ஏறினால் காற்று மெலியும், ஆக்டேன் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய வழக்கு உண்டு. அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் அதை நம்பி அவர்கள் கணக்கில் 85ஐயே விற்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துக்கு அது சரி. டர்போ, மெலிந்த காற்றை இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். சிலிண்டருக்கு மலை ஏறியதே தெரியாது. போதாததற்கு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் இன்டர்கூலருக்குக் காற்று கிடைக்காது. உள்ளே போகும் காற்று சுடச்சுட, கல்கட்கியின் கே மேலே ஏறும். டர்போவின் சலுகை கைநழுவும்.

இதையெல்லாம் நான் விளக்கி முடித்த சில வாரங்களில், ஒரு மே மாதப் பகலில், மருமகனிடமிருந்து போன்.

"மாமா, மூணாவது சிலிண்டர்ல ஆறு டிகிரி பின்வாங்குது."

"எங்கே இருக்கே?"

"வத்தலக்குண்டு தாண்டி, கொடைக்கானல் ரோட்டுல. முன்னாடி ஒரு லாரி."

"என்ன பெட்ரோல்?"

"வழியில ஒரு சின்ன பங்க். கிடைச்சதைப் போட்டேன்."

"டியூனர் இன்னொரு மேப் கொடுத்தாருன்னியே, குறைஞ்ச ஆக்டேனுக்கு?"

"அது லேப்டாப்ல இருக்கு மாமா."

"லேப்டாப்?"

"வீட்டுல."

எந்த கியர் என்று கேட்டேன். நாலு என்றான். நாலாவதில், 1800 சுற்றில், முழு பூஸ்ட் வாங்கி இழுத்துக்கொண்டிருக்கிறான். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மூலையில் மாட்டிய கலவை தீக்காகக் காத்திருக்கும் நேரமும் அதிகம். இரண்டாவதுக்கு மாற்று, 3000 சுற்றில் போ, ஆக்சிலரேட்டரைப் பாதிக்குமேல் மிதிக்காதே, லாரிக்கும் உனக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடு என்றேன். ஏசியையும் நிறுத்தச் சொன்னேன், அதற்குத்தான் முனகினான். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோது படம் அனுப்பினான். மூணாவது சிலிண்டர், ஒன்றரை டிகிரி.